இடது பக்கத்துக் கூடை

சூறாவளி என்ற பேரை அவனுக்கு யாரும் தேடிப்பிடித்து வைக்கவில்லை. அவனே வாயால் சம்பாதித்துக்கொண்டது. "நான் கை வச்சேன்னா இந்த ப்ளோயர்ல சூறாவளி வரும், பாருங்க சார்" என்று மூன்று வாரத்துக்கு முன்னால் முதலாளியிடம் மார்தட்டினான். சூறாவளி வரவில்லை, பேர் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது. கார் கழுவும் கூடத்தில் வேலை செய்கிற அத்தனை பேரும் இப்போது அவனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அது கேலி என்பது அவனுக்கு இன்னும் உறைக்கவில்லை. கூப்பிட்டால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரும்பிப் பார்க்கிறான்.

அதைப் பார்க்கும்போதெல்லாம் அவனுடைய அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். கூடப் பிறந்தவனை நாலு பேர் கிண்டல் செய்கிறார்களே என்ற வருத்தமெல்லாம் இல்லை. கிண்டல்கூடப் புரியாத ஒரு மண்டையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஊரெல்லாம் திரிந்தோமே என்ற எரிச்சல்தான். அந்த இடுப்பு இப்போது குனிந்தால் வலிக்கிறது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் அவனை இங்கே மெக்கானிக் வேலைக்குக் கூட்டிக்கொண்டு வந்து சேர்த்ததும் அவள்தான். ஆக, வலி முழுக்கத் தன் கைங்கரியம் என்று அவளுக்குத் தெரியும்.

கூடம் என்பது நீளமான ஒரு கட்டடம். ஒரு வாசலில் அழுக்குக் கார் நுழையும். தரையில் ஓடும் சங்கிலி அதன் சக்கரத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும். நுரை கொட்டும், தொங்குகிற துணிப்பட்டைகள் அடிக்கும், பெரிய பெரிய பிரஷ்கள் உருட்டித் தேய்க்கும், நல்ல தண்ணீர் அலசும். அதற்குமேல், தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடுவதற்காக ஒரு மருந்து தெளிக்கும். கடைசியில் காற்றடித்துக் காயவைக்கிற ஆறு ப்ளோயர். மேலே ஒன்றும் இரண்டும், இடது சுவரில் மூன்றும் நாலும், வலது சுவரில் ஐந்தும் ஆறும். ஒவ்வொன்றும் நத்தை ஓடு மாதிரி சுருண்டு ஆள் உயரத்துக்கு நிற்கும். காற்று அடித்து முடித்ததும் கார் வெளி வாசலுக்கு வரும். ப்ளோயர் விட்டுவைத்த ஈரத்தை அங்கே நிற்கிற நாலு பெண்கள் துண்டால் ஒற்றி எடுப்பார்கள்.

அந்த நாலு பேரில் மூத்தவள் அவள். பதினாலு வருடம். முதலாளியைத் தவிர எல்லோருக்கும் அவள் அக்கா. முதலாளிக்கு மட்டும் 'ஏம்மா'.

வாசலின் இரண்டு பக்கமும் இரண்டு பிளாஸ்டிக் கூடைகள் இருக்கும். காரின் இடது பக்கத்தைத் துடைத்து நனைந்த துண்டு இடது கூடைக்கு, வலது பக்கத்துத் துண்டு வலது கூடைக்கு. அப்படிப் போடச் சொல்லி யாரும் சட்டம் போடவில்லை. நடந்து நடந்து அப்படி ஆகிவிட்டது. சாயங்காலம் இரண்டையும் தூக்கிக்கொண்டு பின்கட்டில் இருக்கும் துணி துவைக்கும் மெஷினுக்குப் போவது அக்காவின் வேலை. பதினாலு வருடமாக இரண்டு கையிலும் ஒரே பாரம்தான். மூன்று வாரமாக இடது கை இறங்குகிறது.

நடந்தது இதுதான். மூன்றாம் நம்பர் ப்ளோயரில் பேரிங் கொஞ்சம் கரகரத்தது. அதை மாற்றிவிட்டு ஒழுங்காகத் திருப்பி மாட்டியிருந்தால் கதையே இல்லை. சூறாவளிக்கு அது போதவில்லை. மோட்டாரைக் கழற்றி வெளியே ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய், கொண்டுவந்து, வயர் கொடுத்து, திரும்ப மாட்டினான். அதோடும் விடாமல் ஆறு ப்ளோயருக்கும் நீலப் பெயின்ட் அடித்தான். எண்களை மட்டும் வெள்ளையில் அழகாக எழுதினான். "இம்ப்ரூவ்மென்ட் சார்" என்று முதலாளியைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிவந்து காட்டினான். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. இவன் ஊதுகிற சங்கையே கெடுத்தான்.

முதலாளிக்கு இயந்திரத்தைப் பற்றித் தெரிந்தது இரண்டு விஷயம்: பச்சைப் பொத்தான், சிவப்புப் பொத்தான். பளபளவென்று நீலமாக இருந்ததும் மனிதர் மயங்கிவிட்டார். அந்த மயக்கத்தில் சூறாவளி இன்னொன்றும் சொன்னான். "இனிமே துடைக்கிறதுக்கு ஆளே தேவைப்படாது சார். எல்லாம் மெஷினே பாத்துக்கும்."

சொல்லும்போது அவன் அக்கா பத்தடி தள்ளி ஒரு வெள்ளைக் காரின் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்கும் என்று அவன் யோசிக்கவில்லை. அவனுக்கு யோசனைக்கும் வாய்க்கும் நடுவில் எப்போதுமே கதவு கிடையாது. அவளுக்கு மகள் படிப்பு முடிய இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். இந்தத் துண்டுதான் சோறு. இதெல்லாம் அவனுக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை சோற்றுக்கு அந்த வீட்டில்தான் வந்து உட்காருவான்.

மறுநாளிலிருந்து கார்கள் இடது பக்கம் ஈரமாக வந்தன. கண்ணுக்கு உடனே தெரிகிற ஈரம் இல்லை. கதவின் கீழ்ப்பாதி, சக்கரத்துக்கு மேலே இருக்கிற வளைவு, பின்கதவின் பிடி என்று அங்கங்கே தங்கி நின்றது. துண்டு போட்டால்தான் தெரியும். அக்கா முதல் வாரமே சொன்னாள்.

"டேய், இடது பக்கம் காத்து பத்தல. மூணாம் நம்பர பாரு."

"அக்கா, கையை வச்சுப் பாரு. எப்படி அடிக்குதுன்னு."

"அடிக்குது. பழைய மாதிரி அடிக்கல."

"ஒனக்கு என்னக்கா தெரியும்" என்று சிரித்தான். அதோடு அவள் விட்டுவிட்டாள்.

அவன் விடவில்லை. அடுத்தடுத்து இம்ப்ரூவ்மென்ட் செய்தான். காற்று வருகிற வாயைக் கொஞ்சம் கீழே திருப்பினான். கதவு காய்ந்தது, கண்ணாடி நனைந்தது. மேலே திருப்பினான். கண்ணாடி காய்ந்தது, கதவு நனைந்தது. சங்கிலியின் வேகத்தைக் குறைத்தான். கார்கள் தெருமுனை வரைக்கும் வரிசையில் நின்று ஹாரன் அடித்தன. திரும்ப ஏற்றினான். பிறகு மருந்து விற்கிறவரைக் கூப்பிட்டான். ஷாம்பூக்காரர் என்று கூடத்தில் பேர். எந்த நோய்க்கும் அவரிடம் ஒரே வைத்தியம்தான்: இன்னும் கொஞ்சம் ஊற்று. ஊற்றினார்கள். கார்மேல் வரிவரியாகத் தடம் விழுந்தது. துடைக்கிற பெண்களுக்கு வேலை இரட்டிப்பானது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவனுக்குத் தண்ணீர் கோணல், கரன்ட் கோணல், மருந்து கோணல். தன் கை மட்டும் நேர்.

இரண்டாம் வாரம் ஒரு சாயங்காலம் கூடைகளைத் தூக்கிக்கொண்டு அவள் உள்வழியாகப் போனபோது ப்ளோயர்களை அப்போதுதான் நிறுத்தியிருந்தார்கள். பக்கத்தில் இருக்கும் கம்பி வலை வழியாக உள்ளே சுற்றுகிற சக்கரம் தெரியும். ஓடும்போது வெறும் மங்கல்தான். வேகம் குறையும்போது தகடு தகடாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். நாலாம் நம்பர் சக்கரம் கடிகார முள் போகிற பக்கமாகச் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. பக்கத்திலேயே, அதே சுவரில், அதே சாடையில் நிற்கிற மூன்றாம் நம்பர் அதற்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றி ஓய்ந்தது.

அவள் கூடைகளைக் கீழே வைத்தாள். மறுநாளும் பார்த்தாள். அதற்கு மறுநாளும் பார்த்தாள். சந்தேகமே இல்லை.

அவளுக்கு இன்னொன்றும் தெரியும். பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் வாரம் ஒருமுறை அந்த ஆறு ப்ளோயரையும் ஈரத்துணியால் துடைத்தது அவள்தான். ஒவ்வொன்றின் முதுகிலும் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று காட்டும் ஓர் அம்பு, விரல் நீளத்துக்கு, தகட்டிலேயே மெல்லிசாகக் கீறியிருக்கும். துணி அதில் தடுக்கும். தம்பி அதன்மேல் மூன்று கை நீலம் அடித்து அம்பை மூடிவிட்டான். இருந்த ஒரே வழிகாட்டியை அழகுபடுத்திப் புதைத்தவன் உலகத்தில் இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

அவனிடம் போய்ச் சொல்லலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் முதலாளி கெடு வைத்துவிட்டார். ஈரமான காரோடு திரும்பி வந்த இரண்டு வாடிக்கையாளர்கள் போட்ட சத்தத்தில் அவருக்கு மயக்கம் தெளிந்திருந்தது. எல்லோரையும் நிற்க வைத்துக்கொண்டு சூறாவளியிடம் சொன்னார்: "வெள்ளிக்கிழமை காலைல பத்து மணிக்கு என் கார விடுறேன். துண்டு படாம காஞ்சு வெளிய வரணும். வந்துச்சுன்னா நீ சொன்ன மாதிரியே தொடைக்கிற நாலு பேரும் திங்கள்ல இருந்து வேண்டாம். வரலன்னா நீ வேண்டாம். வெளிக் கம்பெனிகிட்ட குடுத்துடறேன்."

ஆகக் கணக்கு சுலபம். அவள் வாயைத் திறந்தால் அவளுக்கும் மற்ற மூன்று பேருக்கும் வேலை இல்லை. மூடிக்கொண்டு இருந்தால் அவனுக்கு வேலை இல்லை. அவன் வெட்டிய குழி, அவனே விழட்டும். மூடிக்கொண்டு இருப்பது என்று அவள் முடிவு செய்தாள். நாலு பேரில் ஒருத்தியான கண்ணாடிக்காரியிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னாள். கார்க் கண்ணாடிகளைத் துடைப்பதும் அவள்தான், தடிமனான மூக்குக் கண்ணாடி போட்டிருப்பதும் அவள்தான், பேருக்கு இரண்டு காரணம்.

"அக்கா, ஒங்க வாய் ஒங்க பேச்ச கேக்காது" என்றாள் கண்ணாடிக்காரி. "வெள்ளிக்கிழமை வாயில ஒரு துண்ட வச்சுக்கிட்டு நில்லுங்க."

புதன்கிழமை சாயங்காலம் சூறாவளி அக்கா வீட்டுக்கு வந்தான். ஞாயிறு அல்லாத நாளில் அவன் வந்தால் ஏதோ வேண்டும் என்று அர்த்தம். அடுக்களை ஜன்னலோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து, அவள் வெங்காயம் உரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மகள் உள் அறையில் படித்துக்கொண்டிருந்தாள்.

"டீ குடிக்கிறியா?"

"குடுத்தா குடிக்கிறேன்."

குடித்தான். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அக்கா, ஒரு ஒதவி" என்றான்.

"சொல்லு."

"வெள்ளிக்கிழமை கார் வெளிய வருதுல்ல. முதலாளி ஆபீஸ்ல இருந்து நடந்து வர்றதுக்கு ஒரு அர நிமிஷம் ஆகும். அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரு சத்தம் இல்லாம இடது பக்கம் ஒரு தொட தொடச்சு விட்டுட்டீங்கன்னா..."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். தான் சரியாகத்தான் கேட்டோமா என்று ஒரு கணம் அவளுக்கே சந்தேகமாகிவிட்டது.

"துண்டு தேவையில்லன்னு காட்டறதுக்கு நான் துண்டு போடணும்."

"அப்படி இல்லக்கா..."

"வேற எப்படிடா? எங்க நாலு பேர வீட்டுக்கு அனுப்பறதுக்கு நாங்களே வந்து தொடச்சுக் குடுக்கணும். அதானே கேக்கற?"

"ஒன்ன விட்டுருவேனாக்கா? ஒனக்கு வேற எடத்துல சொல்லி வக்கிறேன். எனக்கு எத்தன பேர தெரியும்."

அவனுக்குத் தெரிந்தவர்களை அவளுக்கும் தெரியும். டீக்கடைக்காரர், பட்டறைக்காரர், ஷாம்பூக்காரர். மூன்று பேருக்கும் அவனைக் கண்டால் பின்வாசல்.

"சரி, ஒன்னு கேக்கறேன்" என்றாள் அவள். வாய் அரிக்க ஆரம்பித்திருந்தது. "மோட்டார திருப்பி மாட்டறப்ப வயர எப்படிக் குடுத்த?"

"எப்படிக் குடுக்கறது? மூணு வயர், மூணு எடம். குடுத்தேன்."

"எந்த வயர் எந்த எடம்னு கழட்டறப்ப குறிச்சு வச்சியா?"

"அக்கா" என்று அவன் பொறுமையாகச் சிரித்தான். சின்னப் பிள்ளைக்கு விளக்குகிற முகம். "கரன்ட் விஷயத்துல எல்லாம் நீ தல நீட்டாத. தொடைக்கிறது வேற, இது வேற."

அவள் மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டாள். "பாக்கலாம் போ" என்றாள். அவன் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனான். போகிறபோது மருமகளிடம், "நல்லாப் படி, என்ன" என்று வேறு சொல்லிவிட்டுப் போனான்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு முதலாளியின் கார் வந்தது. கறுப்பு. ஈரத்தைக் காட்டிக்கொடுப்பதில் கறுப்பைப் போல ஒரு துரோகி கிடையாது. ஷாம்பூக்காரரும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். நாலு பெண்களும் சுவரோரம் வரிசையாக நின்றார்கள். அக்கா இரண்டு கையையும் கட்டிக்கொண்டு நின்றாள். துண்டு தோளில் கிடந்தது.

சூறாவளி சங்கிலியைக் கொஞ்சம் மெதுவாக வைத்திருந்தான். கார் நுரைக்குள் போனது. ப்ளோயர்கள் இரைந்தன. கறுப்பு மூக்கு வெளியே நீண்டது. சூறாவளி அக்காவைப் பார்த்தான். புருவத்தைத் தூக்கினான். கையால் துடைப்பது போலத் தொடைப் பக்கம் ஒரு சாடை காட்டினான். அவள் அவனுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தாள்.

முதலாளி வந்தார். காரின் வலது பக்கம் போய்ப் பார்த்தார், தலையாட்டினார். இடது பக்கம் வந்தார். கைக்குட்டையை எடுத்துப் பின்கதவில் ஒரு இழுப்பு இழுத்தார். கைக்குட்டை பிழிகிற பதத்தில் இருந்தது.

"என்னப்பா இது?"

"தண்ணி சார்" என்றான் சூறாவளி.

"தண்ணின்னு எனக்கும் தெரியுது."

"இல்ல சார், தண்ணி இப்ப கொஞ்சம் உப்பா வருது. அதான் ஒட்டிக்குது." ஷாம்பூக்காரர் தலையாட்டினார். "அப்புறம் கரன்ட்டும் காலைல கொஞ்சம் டல்லு." முதலாளி அசையவில்லை. சூறாவளி சுற்றும் முற்றும் பார்த்தான். சுவரோரம் நிற்கிற நாலு பேர்மேல் கண் விழுந்தது. "இவங்களும் ஒரு காரணம் சார். வாசல்லயே நின்னு ஈரத் துண்ட ஒதறுறாங்க. காஞ்சு வர்ற காரும் நனஞ்சிருது. சொன்னா புரியாது சார் இவங்களுக்கு. என்ன தெரியும், துணி புடிக்கத் தெரியும். கை இருக்கற யாரும் பண்ற வேல."

அக்காவுக்குக் கோபம் வந்திருந்தால் அடக்கியிருப்பாள். கோபத்தை அடக்கிப் பழக்கம் உண்டு. வந்தது வேறு. மூன்று வாரமாக ஒரு இரும்பு நத்தை பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, அதைப் பார்க்கத் தெரியாத மூன்று ஆம்பளைகள் தண்ணீரில் உப்பு இருக்கிறதா என்று பேசிக்கொண்டு நிற்கிறார்கள். இவர்களுக்கு முன்னால் தான் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது அவளுக்குத் தாங்கவில்லை. பக்கத்தில் கண்ணாடிக்காரி அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். இழுத்தது தெரிந்தது. தெரிந்தும் வாய் திறந்துகொண்டது.

"மூணாம் நம்பர் பின்னாடி சுத்துது."

எல்லோரும் திரும்பினார்கள். முதலில் சிரித்தது ஷாம்பூக்காரர்.

"அக்கா, சும்மா இருக்கா" என்றான் தம்பி. "பின்னாடி சுத்துனா காத்து உள்ள இழுக்கும். இது வெளிய அடிக்குதுல்ல?"

"சீலிங் ஃபேன் இல்லடா இது. இது எப்படிச் சுத்துனாலும் வெளியதான் தள்ளும். நேரா சுத்துனா முழுசா தள்ளும், தப்பா சுத்துனா பாதி தள்ளும். பாதிதான் தள்ளுது. மூணு வாரமா என் இடது கூடை சொல்லுது, நீ கேக்கல."

"கூடையா?" என்றார் முதலாளி.

"அத விடுங்க சார். முதுகுல ஒரு அம்பு இருக்கும். ஒங்க மெக்கானிக் மேல பெயின்ட் அடிச்சு மூடி வச்சிருக்கான். சொரண்டிப் பாருங்க."

சூறாவளி சுரண்டவில்லை. முதலாளியே கார்ச் சாவியை எடுத்து அவள் காட்டிய இடத்தில் சுரண்டினார். நீலம் உதிர்ந்தது. அம்பு வந்தது. ஓட்டி நிறுத்தச் சொன்னார். சக்கரம் ஓய்கிறபோது நாலு தலைகள் கம்பி வலைக்கு முன்னால் முட்டிக்கொண்டு நின்றன. அம்பு ஒரு பக்கம் காட்டியது. சக்கரம் மறுபக்கம் போய்க்கொண்டிருந்தது.

யாரும் பேசவில்லை. அந்த மௌனத்தை அவள் நாக்கில் வெல்லக்கட்டி மாதிரி வைத்து ருசித்தாள். பொய் சொல்வானேன், பதினாலு வருடத்தில் அவளுக்கு அந்த இடத்தில் கிடைத்த ஒரே சந்தோஷம் அதுதான்.

"மூணு வயர்ல எதாவது ரெண்ட எடம் மாத்திக் குடு" என்றாள் தம்பியிடம். "மெயின ஆஃப் பண்ணிட்டுக் குடு. அதையும் நான்தான் சொல்லணும் ஒனக்கு."

பத்து நிமிடம் ஆனது. மூன்றாம் நம்பர் கிளம்பிய சத்தத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. பழைய முழுச் சத்தம். கறுப்புக் காரைச் சுற்றிக் கொண்டுபோய் மறுபடி உள்ளே விட்டார்கள். வெளியே வந்தபோது இடது பக்கம் பின்கதவின் பிடியில் ஒரே ஒரு சொட்டு இருந்தது. முதலாளி பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் காற்றில் ஓடிப்போனது. கைக்குட்டையால் இழுத்துப் பார்த்தார். கைக்குட்டை ஏற்கெனவே ஈரம் என்பதால் ஒன்றும் தெரியவில்லை. சட்டைக் கையால் இழுத்துப் பார்த்தார். காய்ந்திருந்தது.

அவர் திரும்பி வந்து தட்டியது சூறாவளியின் தோளை.

"பரவால்லயேப்பா! கடைசில கண்டுபுடிச்சு சரி பண்ணிட்டியே!"

"கொஞ்சம் டைம் எடுத்துச்சு சார்" என்றான் சூறாவளி. கூசாமல் சொன்னான்.

பிறகு முதலாளிக்கு ஞாபகம் வந்தது. சுவரோரம் பார்த்தார். "ஏம்மா, நான் சொன்னதுதான். நாளையோட முடிச்சுக்குங்க. வார்த்தன்னா வார்த்தயா இருக்கணும், இல்லியா?" அவர் தன்னை நியாயஸ்தர் என்று நினைத்துக்கொண்டு சொன்னார். முகத்திலேயே தெரிந்தது.

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. வெல்லக்கட்டி கரைந்துபோய்விட்டது. அவளுக்கு அவனைத் தலைகுனிய வைக்க வேண்டியிருந்தது. அவன் தலை குனியவே இல்லை. குனிந்த தலைகள் மூன்று அவள் பக்கத்தில் நின்றன. அவை மூன்றும் எந்தத் தப்பும் செய்யாதவை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் தான் மட்டும்தான் கெடும், பக்கத்துத் தவளைகளை இழுத்துக்கொண்டு போகாது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆயுளில் முதல்முறையாகத் தன்மேலேயே அவளுக்கு இளக்காரம் வந்தது.

கண்ணாடிக்காரி அன்றைக்கும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் துண்டுகளை எண்ணி அடுக்கிவிட்டுக் கிளம்பும்போது மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஒரு துண்டு வச்சுக்கங்கன்னு சொன்னேன்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அன்றைக்கு இரண்டு கூடையும் இரண்டு கையில் ஒரே பாரமாக இருந்தன. இரண்டுமே லேசு.

தம்பி வாசல் கேட் வரைக்கும் கூடவே வந்தான். மன்னிப்புக் கேட்கப் போகிறானோ என்று அவள் நினைத்தாள். அவளுக்கும் ஆசை விடவில்லை.

"அக்கா, அந்த வயர் விஷயம்... என் வீட்டுக்காரிகிட்ட சொல்லிறாத. வீட்ல மானம் போயிரும்."

அவள் தோளில் கிடந்த துண்டை எடுத்து நாலாக மடித்து அவன் கையில் கொடுத்தாள். "வச்சுக்க" என்றாள். எதற்கு என்று அவனுக்குப் புரியவில்லை. வாங்கிக்கொண்டான்.

ஒரு மாதத்துக்குப் பிறகு அவளுக்கு ஒரு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் இடத்தில் வேலை கிடைத்தது. தரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத பெரிய அறை. போர்வை, விரிப்பு, மேலங்கி எல்லாம் மலையாக வரும். துவைத்ததைப் பெரிய டிரம் டிரையரில் போட்டுக் காயவைத்து மடிக்க வேண்டும். மகள் படிப்பு ஓடுகிறது. கண்ணாடிக்காரிக்கும் அங்கேயே கேட்டுப் பார்த்தாள். இடம் இல்லை என்றார்கள்.

வேலையில் சேர்ந்த இரண்டாவது வாரம், மத்தியானம், போன் வந்தது. சூறாவளி.

"அக்கா, நல்லாருக்கியா? ஒண்ணுமில்ல, சும்மாதான்... மூணு நல்லா சுத்துதுக்கா. இப்ப வலது பக்கம் கொஞ்சம் ஈரம் நிக்குது. அஞ்சா ஆறான்னு தெரியல. கேட்ல சொல்லி வைக்கிறேன், ஒரு நாள் வந்து பாத்துட்டுப் போறியா? முதலாளி வேற மொறைக்கிறாரு."

"துண்டு இருக்காடா அங்க?"

"எல்லாத்தையும் தூக்கிப் போடச் சொல்லிட்டாருக்கா."

"நான் ஒண்ணு குடுத்தேனே."

"அது... வண்டில கெடக்கு."

"அத எடு. வலது பக்கம் நின்னு முப்பது கார தொட. குனிஞ்சு, கீழ் வரைக்கும். எந்தக் கார்ல, எந்த எடத்துல துண்டு கனக்குதுன்னு கை சொல்லும். சொன்னதுக்கு அப்புறம் எனக்குக் கூப்புடு."

"முப்பதா?" என்றான் அவன், நிஜமான பயத்தோடு. அவள் போனை வைத்துவிட்டாள். அவன் திரும்பக் கூப்பிட மாட்டான் என்று அவளுக்குத் தெரியும். முப்பது கார் துடைக்கிற முதுகு அவனுக்கு ஏது?

பக்கத்தில் சூப்பர்வைசர் ஒரு போர்வையைக் கையில் வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். ஒரு வாரமாக அந்த டிரையரில் இருந்து எடுப்பதெல்லாம் ஓரத்தில் ஈரமாகத்தான் வருகிறது. துணி சரியில்லை என்று துணி சப்ளை செய்கிறவரிடம் ஆள்விட்டுப் பேசிப் பார்த்தார். மருந்தைக் கூட்டிப் பார்த்தார்.

"போன்ல யாரும்மா?"

"தம்பி சார்."

"என்ன பண்றாரு?"

"கார் கழுவுற எடத்துல. ப்ளோயர் மெக்கானிக்."

சூப்பர்வைசரின் முகம் மலர்ந்தது. "அட, காய வைக்கிற மெஷின் தெரிஞ்ச ஆளா! ஒருநாள் வரச் சொல்லும்மா. இந்த டிரையர் ஏன் இப்படிப் பண்ணுதுன்னு அவராவது பாத்துச் சொல்லட்டும்."

டிரையரின் பின்பக்கத்துக் குழாயில் எவ்வளவு பஞ்சு அடைத்திருக்கிறது என்று வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் நாளே அவளுக்குத் தெரியும். கை வைத்துப் பார்த்திருக்கிறாள்.

"வரச் சொல்றேன் சார்" என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த போர்வையை எடுத்து மடித்தாள். அவளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.